டிரையர் துணி

செவ்வாய்க்கிழமை. விடாத மழை.

என் வேனுக்கு ஹெடர் என்கிற புதுப் புகைக்குழாயைப் பூட்டிய நாளிலிருந்து, என்ஜினுக்கு மேலே இருக்கும் முன்சீட்டு தகித்தது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உலர்த்தும் டிரையரின் குழாய்க்குச் சூடு தாங்கச் சுற்றும் துணியைத் தோட்டத்து ஸ்டோரிலிருந்து எடுத்து, ஹெடரில் சுற்றினேன். சூடு அடங்கியது.

தோட்டத்துக்கு மேனேஜராகப் புதிதாக வந்திருக்கும் துரை இன்று சீட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“நல்ல துணியா இருக்கே. எங்க வாங்கின?”

“கொழும்புலங்க தொரை.” வாய் முந்திவிட்டது.

“என் ஜீப்பும் சுடுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு சுருள் வாங்கிட்டு வா.”

கொழும்பில் எந்தக் கடை என்று எனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரிந்த ஒரே சுருள் ஸ்டோரில் இருக்கிறது. ஸ்டோர்கீப்பரும் நான்தான்.

ராத்திரி மனைவியிடம் சொன்னேன். “தொரை துணிய தொரைக்கே குடுத்துருங்க” என்று சிரித்துவிட்டு மனைவி தூங்கிவிட்டாள்.

துரை பக்கத்தில் நின்று பார்க்க, அதை ஜீப்பில் சுற்றப்போவதும் நான்தான்.