இரண்டாம் தரம்

பெப்ரவரி 12, வியாழன்

பள்ளிக்கூட நாடகத்தில் மகள்தான், மொன்றியலுக்கு முதலில் ஆற்று வழியாக வந்த பிரெஞ்சுக் கப்பல் தலைவன். இன்று பின்னேரம் ஒத்திகைக்குத் தகப்பனைப் பிடித்து இருத்தினாள். இவருக்குப் பூர்வகுடித் தலைவர் வேடம். பிரெஞ்சைத் தட்டுத்தடுமாறி வாசித்தார். நான் குசினியில் நின்று சிரித்தேன்.

கதைப்படி, கப்பல்காரன் முதலில் தலைவரின் மகன்மார் இருவரைப் பிரான்ஸுக்குக் கொண்டுபோய், அடுத்த வருடம் திருப்பிக் கொண்டுவருகிறான். பிறகு தலைவரையே பிடித்து ஏற்றுகிறான். அவர் கப்பலில் நின்று கரையிலுள்ள சனத்துக்கு, ‘பயப்படாதீர்கள், திரும்பி வருவேன்’ என்று சொல்ல வேண்டும். அவர் வரவே இல்லை என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். இவர் அந்த வசனத்தில் நின்றுவிட்டார்.

“அப்பா, உங்கட வசனம்!” என்றாள். பிறகு அவளே, “சனம் ஏன் சும்மா நிண்டது? சண்டை பிடிச்சிருக்கலாம்தானே?” என்று கேட்டாள்.

“முதல் தரம் திருப்பிக் கொண்டுவந்தவன் எல்லோ, பிள்ளை. நம்பியிருப்பினம்,” என்றார்.

மன்னாரில் இவருடைய அண்ணனையும் முதல் தரம் விசாரணைக்கென்று ஆமி ஜீப்பில் ஏற்றிப் போனவர்கள், அடுத்த நாள் காலையில் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டாம் தரம் ஏற்றிப் போன அன்று, வீட்டில் அண்ணனுக்கும் சேர்த்து இரவுச் சாப்பாடு எடுத்து மூடி வைத்தார்களாம்.