‘ஏனென்றால்’ இல்லாத பதில்

பிப்ரவரி 4, செவ்வாய்
ரியெக்கா நகர் முழுக்க மழை. வெளிநாட்டவருக்கு நான் எடுக்கும் மாலை மொழி வகுப்புக்கு ஆறே பேர். குரோவேஷிய மொழியில் மக்கள் எப்படிக் காரணம் சொல்கிறார்கள் என்று ஆராய்கிறேன் எனப் பெயர்; உண்மையில் சாக்குப்போக்கு சேகரிக்கிறேன். அர்ஜென்டினாவிலிருந்து வந்து இங்கே பேக்கரியில் வேலை பார்க்கும் லௌதாரோவுக்கு ஐம்பது வயது. இன்று, “பேருந்து தாமதித்தது. ஆகையால் நான் தாமதித்தேன். ஏனென்றால் நான் பேருந்தினுள் இருந்தேன்” என்றார். எங்கள் ஊர்க்காரர் என்றால் “பஸ்ஸு...” என்று கையை விரித்திருப்பார்.

பிப்ரவரி 7, வெள்ளி
தபால் கொடுக்க வந்த அம்மாள் பேசியதைப் பதிவு செய்தேன். “ஜன்னல் திறந்து கிடந்துச்சு. கழுத்து புடிச்சுக்கிச்சு.” நடுவில் ஒரு சொல் இல்லை. காற்று புகுந்தால் கழுத்து பிடிக்கும் என்பதில் இந்த நாட்டில் யாருக்குச் சந்தேகம்? வகுப்பில் போட்டுக் காட்டினேன். லௌதாரோ மட்டும், “டீச்சர், காரணம் எங்கே உள்ளது? நான் தேடினேன்” என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்
வீட்டுப்பாடம்: தெரிந்தவர் ஒருவரிடம் பத்து ‘ஏன்’ கேட்டுப் பதிவு செய்து வர வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி
பாவி மனுஷன்! என் அக்கா நெவென்காவிடம் போயிருக்கிறார். கீழ் மாடியில்தான் இருக்கிறாள். எட்டு மாதமாகப் பேச்சில்லை. ஒன்பதாவது கேள்வியாம்: “நீங்கள் ஏன் என் டீச்சருடன் பேசுவதில்லை?”
உங்களுக்கு யார் சொன்னது என்று சீறினேன்.
“எல்லோருக்கும் தெரியும், டீச்சர். ஏனென்றால் அது பேக்கரி.”
பதிவை வாங்கிக்கொண்டேன். போட்டுக் கேட்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்
கேட்டேன். ஒன்பதாவது கேள்விக்கு அக்கா முதலில் சிரிக்கிறாள். பிறகு: “கால் ஒடிஞ்சு மூணு வாரம் படுத்துக் கிடந்தேன். அவ செருப்புச் சத்தம் தினமும் என் வாசலைத் தாண்டிப் போச்சு.”
அவ்வளவுதான். ‘இணைப்புச் சொல்: இல்லை’ என்று குறித்தேன்.
நான் ஏன் போகவில்லை? ஆய்வு வேலை — அப்புறம் ஜுரம் — அவளுக்குத் தனியா இருக்கத்தான் புடிக்கும் — ஐயோ, எத்தனை ‘ஏனென்றால்’! லௌதாரோவே தேவல. முதல் வாரம் போகல. ரெண்டாவது வாரம் போக வெக்கமா இருந்துச்சு. அதான்.

பிப்ரவரி 18, செவ்வாய்
மதியம் கீழே போனேன். இறங்கும்போது நாலு காரணம் ஒத்திகை பார்த்தேன். கதவு திறந்ததும் எல்லாம் பறந்துவிட்டன.
“அக்கா, நீ படுத்துக் கிடந்த. நான் வரல.”
“அப்புறம்?”
“அப்புறம் ஒண்ணுமில்ல.”
நிலையைப் பிடித்தபடி ஒதுங்கி வழிவிட்டாள்.
“சூப்பு ஆறுது. உள்ள வாடி.”

மார்ச் 1, சனி
நெவென்காவோடு மீன் சந்தைக்கு. ஒடிந்த வலது காலில் இன்னும் முழுப் பாரம் வைக்க முடியவில்லை அவளால்; படி முழுக்க என் தோளைப் பிடித்து இறங்கினாள். எனக்கு ஏன் மத்தி வாங்கத் தெரியாது என்பதற்கு வழிநெடுக காரணங்களை அடுக்கிக்கொண்டே வந்தாள். ஒன்றையும் நான் பதிவு செய்யவில்லை.