மடக்கு நாற்காலி செய்த மாமாவுக்கு

மாமா,

இன்று காலை திருவள்ளூர் ஸ்டேஷனில் ஒரு பெண் தன் சக்கர நாற்காலியைத் தானே மடக்கினாள். பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்துகொண்டு, இருக்கையை நடுவில் பிடித்து ஒரே இழுப்பு. சட்டென்று ஒடுங்கிவிட்டது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரயில் போன பிறகும் அவள் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களோடு பேசவேண்டும்போல் இருந்தது.

1950களின் நடுவில் நான் கடம்பத்தூரில் அப்பாவோடு இருந்தேன். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போனவள், வீட்டிலேயே டைப் அடிக்கப் பழகி, திருவள்ளூரில் ஒரு வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அக்காவைக் கட்டிய நீங்கள் கும்மிடிப்பூண்டியில் டூரிங் சினிமாக் கொட்டகைகளுக்கு மடக்கு நாற்காலி செய்துகொண்டிருந்தீர்கள்.

என்னுடையதோ பிரம்பில் செய்த பெரிய சக்கர நாற்காலி. ரயில் பெட்டியின் வாசலில் நுழையாது. என்னைப் பெட்டியிலும் அதைக் கடைசியில் சாமான் ஏற்றும் கார்டு வண்டியிலும் ஏற்றுவார்கள். ஒருநாள் திருவள்ளூரில் போர்ட்டர் என்னை இறக்கிவிட்டு நாற்காலிக்கு ஓடுவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. நாற்காலி மதராசுக்குப் போயிற்று. நான் சாயங்காலம்வரை பிளாட்பாரத்தில் கோணியின்மேல் உட்கார்ந்திருந்தேன். தூக்கிப்போக வந்த அப்பா, "வேலையும் வாணாம், ஒண்ணும் வாணாம்" என்று சொல்லிவிட்டார்.

செய்தி கேட்டு நீங்கள் வந்தீர்கள். எதிரில் உட்கார்ந்து, "புதுசா ஒண்ணு செய்யலாம். அது ஒனக்கு இன்னா செய்யணும், சொல்லு கண்ணு" என்றீர்கள்.

என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன்: "நானே மடக்கணும், நானே பிரிக்கணும் மாமா. எவனாச்சும் வருவான்னு காத்துக்கினு கெடக்கக் கூடாது."

"அப்டிப் போடு!" என்று தொடையில் தட்டினீர்கள்.

அக்கா வீட்டில் தங்கி உங்கள் பட்டறையிலேயே கிடந்தேன். கத்தரிக்கோல்போல் குறுக்கே சேரும் இரும்புக் குழாய்கள், கித்தான் துணியில் இருக்கை, இரண்டு பக்கமும் சைக்கிள் சக்கரம். முதலில் செய்ததைப் பின்னால் நின்று ஒரு ஆள்தான் பிரிக்க முடிந்தது. பிறகு செய்தது என் விரலைக் கவ்வியது. உடனே நீங்கள் துண்டால் உங்கள் கால்களை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என்னைப்போல் பெஞ்சிலிருந்து அதற்கு நகர்ந்து பார்த்தீர்கள். தொப்பென்று விழுந்தீர்கள். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணீரே விட்டாள். "நல்லா இருக்கிற காலைக் கட்டிக்கினு உருள்றாரு பாருடி!" விழுந்த இடத்திலிருந்தே, "கைப்பிடி இன்னும் தாழ இருக்கணும்" என்றீர்கள்.

அது கைக்கு வந்த பிறகு அப்பாவும் தடுக்கவில்லை; மறுபடி வேலைக்குப் போனேன், எனக்கு வேறு வாழ்க்கை. ஸ்டேஷனிலிருந்து நானே உருட்டிக்கொண்டு போவேன். வழியில் இட்லிக் கடையில் நின்று நாஷ்டா வாங்குவேன். நேர்வழி இருக்க, வேண்டுமென்றே தெரு சுற்றிப் போவேன். ஏன் என்று கேட்க யாருமில்லை என்பதே அதில் இருந்த சுகம்.

மழைக்காலம் வந்தது. கோர்ட்டுக்குப் போகும் தெருவில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. குழாய்கள் சேரும் இடத்து ஆணி முறிந்து, நாற்காலி என்னோடு சேர்ந்து மடிந்தது. வலது மணிக்கட்டு ஒடிந்தது.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கட்டிலருகே வரவில்லை. வாசற்படியிலேயே நின்றீர்கள்.

"நான்தான் ஒன் கைய ஒடிச்சேன்."

"ஆணிதான் மாமா ஒடிஞ்சுது. தடிச்சதா ஒண்ணு போடுங்க, போதும்."

"காலு இல்லாத பொண்ணுக்குக் கையையும் வாங்கிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டீர்கள்.

அந்த நாற்காலியைக் குழாய் குழாயாகப் பிரித்துப் போட்டீர்கள். இன்னொன்று செய்யவில்லை. என் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகக் கூடியது. டைப் மெதுவாகத் திரும்பி வந்தது. வக்கீல் நல்லவர், காகிதங்களை வீட்டுக்கே அனுப்பினார். வாசலுக்கு வெளியே எனக்கு இருந்த வேலை வாசலுக்கு உள்ளே வந்து அடங்கியது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். புதுவாயலிலிருந்து நடக்கமுடியாத மகனை இடுப்பில் சுமந்துகொண்டு ஒரு தாய் உங்களிடம் வந்ததை அக்கா சொன்னாளே, அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை. நான் அந்த நாற்காலியில் போய்வந்த சேதி அவள் காதுக்கு எட்டியிருக்கிறது. நீங்கள் தலைநிமிராமல், "எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றீர்களாம். அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாளாம். அந்தப் பிள்ளை பிறகு எதில் ஏறி எங்கே போனானோ.

நான் பேச்செடுத்த போதெல்லாம், "சாப்ட்டியா?" என்று மாற்றிவிடுவீர்கள். கடைசியாக, நீங்கள் போய்ச்சேர்வதற்கு முன் படுக்கையில் இருந்தபோது, என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தீர்கள்.

"மழைக்கு வலிக்குதா?"

"இல்ல மாமா."

"பொய் சொல்ற" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். அப்போதும் ஆணியைப் பற்றிப் பேச முடியவில்லை.

வலிக்கத்தான் செய்கிறது மாமா. ஒவ்வொரு ஐப்பசியிலும் வலிக்கிறது. ஆனால் அந்த வலியில் உங்கள்மேல் ஒரு துளிக் கோபமும் இல்லை. கோர்ட்டுத் தெருவும், யார் தயவுமில்லாமல் நான் திரும்பிய முனைகளும்தான் இருக்கின்றன. ஒரு கை ஒடிந்தது போதும் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். எனக்கு அந்த நாற்காலியோடு இருந்த சில மாதங்கள் போதவில்லை மாமா.