தண்ணி ஊத்தின இடம்

அன்பு மிக்க உங்களுக்கு,

மாமாவும் நானும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை மீசைக்காரரின் மச்சான் கொண்டுவருவார். உங்கள் சாலைப் பணியிடத்துக்கு அவரும் வேலைக்கு வருகிறார். தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படியுங்கள். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன தடவை பேசியபோது உங்களைச் சுற்றி யார் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணும் ஆகாது, சும்மா பயப்படாதே" என்றீர்கள். லைன் போய்விட்டது. எதற்குப் பயப்படுகிறேன் என்றே நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

தக்காளி எப்படி வந்திருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காசு செலவில்லாமல், மெனக்கெடாமல் ஒரு பாத்தி போட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பையின் அடியில் நசுங்கிப்போயிருந்த பழங்களைப் பிழிந்து, விதையைக் காகிதத்தில் காயவைத்தேன். தொட்டி வாங்கவில்லை, உரம் வாங்கவில்லை. காய்கறித் தோலைப் புதைத்து, மேலே சருகைப் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும், களையும் குறையும் என்று படித்திருந்தேன். மாமா விடுவாரா? "படிச்சே வெளையும்னா உங்க அச்சகம் இந்நேரம் தக்காளிக் காடா இருக்கணுமேம்மா" என்றார். மறுநாள் காலையில் பார்த்தால் அவரே மண்வெட்டியோடு நிற்கிறார். காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கை, கொத்துகிற கொத்தில் பாதி மண் என் புடவையில்.

இடத்தை நான்தான் சொன்னேன். கொல்லைச் சுவரோரம், உங்கள் பழைய பேட்டரி ஷெட்டுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே. நீங்கள் ஷெட்டில் வேலை பார்த்த நாட்களில், சாயங்காலம் உள்ளே வருவதற்கு முன் "தண்ணிய ஊத்திட்டு வந்துடறேன்" என்று குரல் கொடுப்பீர்களே. நான் அச்சகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அது காதில் விழும். தூசி அடங்குவதற்காக மண்ணை நனைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். இத்தனை வருஷம் ஊறின மண்ணை விட்டுவிட்டு வேறு எங்கே நடுவது? அடுத்தவர் எழுதியதில் நாளெல்லாம் பிழை திருத்துகிறவள், வீட்டில் கேட்ட ஒரு சொல்லை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை.

கல்லுக்குப் பக்கத்தில் நட்டவை நன்றாக வந்தன. ஷெட் பக்கம் நட்டவை இலை பழுத்து, சாணுக்கு மேல் வளராமல் நின்றன. தண்ணீர் போதவில்லை என்றார் மாமா. நான் இன்னும் ஊற்றினேன். அந்தச் சேற்றில்தான் நம் வாலு முழுநேரமும் உட்கார்ந்திருந்தாள். பொம்மைக்குச் சோறு சமைக்கிறேன் என்று மண்ணைப் பிசைவாள். பொம்மை சாப்பிடாததைத் தானே சாப்பிடுவாள். தையல்கார அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "செடியில காய்க்கறதுக்கு முன்னாடி உன் பொண்ணு வயித்துல காய்ச்சிடும்டி" என்பார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சார்ஜரைத் திருப்பிக் கொடுக்க உங்கள் கூட்டாளி மீசைக்காரர் வந்தார். பாத்தியைப் பார்த்துவிட்டு, "ஏம்மா தங்கச்சி, அவன் தண்ணி ஊத்தின இடத்துலயா நட்டிருக்க?" என்றார். "அதனாலதாண்ணே நட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் வாலுவைப் பார்த்தார். அவள் விரல் வாயில் இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தி, வாயைக் கொப்பளிக்க வைத்தார். அப்புறம்தான், "அது பேட்டரித் தண்ணிம்மா. எங்க தொழில்ல வெறும் தண்ணின்னுதான் சொல்லுவோம். அமிலம், ஈயம் எல்லாம் கரைஞ்சு வர்றது" என்றார்.

அவள் கொஞ்ச நாளாகவே சரியாகச் சாப்பிடுவதில்லை. வயிறு வலிக்கிறது என்பாள், தொட்டதற்கெல்லாம் அழுவாள். உங்களைத் தேடுகிறாள் என்று நினைத்து உங்கள் சட்டையைப் போர்த்தித் தூங்கவைத்தேன். மறுநாளே டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஈயம் குழந்தைகளுக்கு விஷம், பழத்தைவிட மண்தான் பயம் என்றார். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. ஊசி குத்தும்போது அழாமல், "அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்று அந்த நர்ஸை மிரட்டினாள்.

கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. கல்லோரத்துச் செடிகளில் பழம் சிவந்திருப்பது ஜன்னல் வழியே தெரிகிறது. யாரும் பறிக்கவில்லை. மாமா பேச்சைக் குறைத்துவிட்டார். கிண்டலுக்காவது ஏதாவது சொல்லுங்கள் மாமா என்று நான் கேட்டால், "கொத்தினது நான்தானேம்மா" என்கிறார்.

டாக்டரம்மா கேட்ட கேள்விகளுக்கு உங்களால்தான் பதில் சொல்ல முடியும். எத்தனை வருஷம் ஊற்றினீர்கள்? சுவரோரம் மட்டுமா, கொல்லை முழுக்கவா? பழைய பேட்டரிகளை உடைத்துத் தகடுகளை அங்கேயே உருக்கியதுண்டா? அவள் தவழ்ந்த வயதில் ஷெட்டுக்குள் தூக்கி வைத்துக்கொண்டு வேலை பார்ப்பீர்களே, அப்போதும் அந்த வேலை நடந்ததா? என் மனசு தாங்காது என்று எதையும் மறைக்க வேண்டாம். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லுங்கள். ஒண்ணும் ஆகாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தெரிந்துதான் அங்கே ஊற்றினீர்களா என்று நான் கேட்கவில்லை. இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அடித்துவிட்டேன். உங்களுக்கும் அது வெறும் தண்ணியாகத்தான் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். அப்படி நம்பினால்தான் என்னால் அவளுக்கு ஒரு வாய் ஊட்ட முடிகிறது.

படித்து முடித்த கையோடு, டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப் போய்க் கூப்பிடுங்கள். லீவு கிடைத்தால் கிளம்பி வாருங்கள். கிடைக்காவிட்டாலும் வாருங்கள். அங்கே முகாம் டாக்டர் இருந்தால் உங்கள் ரத்தத்தையும் கொடுத்துப் பாருங்கள். உங்களுக்கும் அடிக்கடி வயிற்றைப் பிடிக்குமே, வேலை அலுப்பு என்று நாம் விட்டுவிட்டோம்.

அங்கேயும் உங்களுக்கு அதே பேட்டரி வேலைதான் என்று மீசைக்காரரின் மச்சான் சொன்னார். சாப்பிட உட்காருவதற்கு முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். நகக்கண்ணையும் தேய்த்துக் கழுவுங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
வாலுவின் அம்மா