அக்கா இலையில் விழுந்த நெய்

அத்திம்பேர்,

சோப்புப் போட்டுக் கழுவியும் என் விரலில் நெய் வாசனை போகவில்லை. கோபாலபுரம் முழுக்கப் பட்டாசுப் புகை. அதையும் மீறி மூக்கில் ஏறுகிறது. இன்று தீபாவளி. நீங்கள் போன பிறகு வந்த முதல் தீபாவளி. நான் செய்துவிட்டு வந்திருக்கும் காரியத்தை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்ல முடியும்?

துக்க வருஷத்தில் உங்கள் ஆத்தில் பண்டிகைக்கு அடுப்பேற்றக் கூடாது. சொந்தக்காரர்கள்தான் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு இந்த ஊரில் நான் ஒருவன்தானே. பாலும் நெய்யும் இல்லாமல் நீங்கள் செய்வீர்களே, அந்தத் தீபாவளிச் சமையலை அப்படியே செய்து மயிலாப்பூருக்கு எடுத்துக்கொண்டு போவதென்று ஐப்பசி பிறந்ததுமே முடிவு செய்துவிட்டேன்.

நீங்கள் பாலை விட்ட நாள் நினைவிருக்கிறது. பின்சந்துப் பால்காரரிடம் போனவர் காலித் தூக்கோடு திரும்பி வந்தீர்கள். செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன்னால் நிறுத்தியிருந்தார்களாம். "தான் பெத்ததுன்னு நினைச்சு நக்கிண்டே நிக்கறதுடா. இந்தப் பக்கம் நாம கறந்துண்டிருக்கோம்" என்றீர்கள். அதற்கு மேல் யாருக்கும் உபதேசம் கிடையாது. எங்கள் இலையில் நீங்களே நெய் விடுவீர்கள். "அவா அவா நாக்கு, அவா அவா இஷ்டம்." வேர்க்கடலைப் பாலில் பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு நீங்கள் தயிர் தோய்த்ததைப் பார்த்து, "அத்திம்பேர் கடலையைக் கறக்க ஆரம்பிச்சுட்டார்" என்று நான் கத்தியதும், மற்றவர்களைவிட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள்.

அக்கா அப்போது காப்பியை விடவில்லை. உங்கள் எதிரிலேயே டிகிரி காப்பியை ஆற்றி ஆற்றிக் குடிப்பாள். பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரம் முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் விட்டாள். பால், தயிர், நெய், அந்தக் காப்பி, எல்லாம். "இருந்தப்போ ஒரு நாள்கூட அவரோட சேர்ந்து அவர் சாப்பாட்டைச் சாப்பிட்டதில்லைடா. இப்பவாவது தவறாம இருக்கேன்" என்றாள். அன்றிலிருந்து ரசம் சாதத்தில் நாலு வாய் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. கொரோனாவுக்குப் பிறகு அவளுக்கு வாசனையே தெரியாமல் போனதுதான் உங்களுக்குத் தெரியுமே. அதனால்தான் சாப்பாட்டில் பிடிப்பில்லை என்று நான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அடுப்படியில் நுழைந்தேன். லேகியத்தை முதல் நாளே நல்லெண்ணெயில் கிளறி வைத்தாயிற்று. கடலைத் தயிரில் மோர்க்குழம்பு, மீதித் தயிர் தனியே. தேங்காய்ப்பால் பாயசம் முதல் தடவை திரிந்துபோய், அடுப்பை அணைத்த பிறகுதான் பாலை விட வேண்டும் என்று நீங்கள் சொன்னது அப்புறம் ஞாபகம் வந்து, மறுபடி செய்தேன். ரசம், வாழைக்காய் வறுவல், சேனை மசியல், உளுந்து வடை. ஒவ்வொன்றையும் மூடும்போது எனக்கே என்மேல் மெச்சுதலாக இருந்தது. கடைசியில் சாதத்தைக் குக்கரிலிருந்து எடுத்துப் பாத்திரத்தில் மாற்றி மூடி, எல்லாவற்றையும் பையில் வைத்து ஆட்டோ ஏறினேன்.

ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், நெய் வாசனை தூக்குது! வூட்ல விசேஷமா?"

"நெய்யே கிடையாதுப்பா" என்று சொல்லும்போதே சாதப் பாத்திரம் ஞாபகம் வந்தது. அன்னசுத்தி. சாதம் ஆனதும் ஒரு கரண்டி நெய் விடாமல் நம் வீடுகளில் பாத்திரத்தை நகர்த்த மாட்டோம். அம்மா செய்தாள், அக்கா செய்தாள், நானும் இத்தனை வருஷமாகச் செய்கிறேன். யோசித்துச் செய்வதா அது? என் கை என்னைக் கேட்காமல் செய்துவிட்டது.

திரும்பியிருக்கலாம். அக்காவிடம் உண்மையைச் சொல்லி அங்கேயே ஒரு பிடி அரிசி வைத்திருக்கலாம், வெறும் சாதம் வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. சொல்லத்தான் போகிறேன் என்று லஸ் வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எனக்கும் தனக்கும் இலை போட்டு, தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பையை வாங்கிக்கொண்டு போய், ஒவ்வொரு மூடியாகத் திறந்து, "அவர் பண்ற மாதிரியே இருக்குடா" என்றாள். பத்து மாதத்தில் அந்த முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்ததில்லை. சாதத்தைத் தானே பரிமாறிக்கொண்டாள். முதல் கவளத்தை எடுத்தவள், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"நெய் கிய் ஒண்ணும் விடலையே?"

"இல்லக்கா."

அவ்வளவுதான் அத்திம்பேர். அந்தப் பொய் அத்தனை சுலபமாக வந்தது. அவள் சாப்பிட்டாள். குழம்புக்கு, ரசத்துக்கு, தயிருக்கு என்று மூன்று முறை சாதம் போட்டுக்கொண்டாள். "என்னமோ இன்னிக்குத்தான் நாக்குக்கு ருசி தெரியறது" என்றாள். அவள் வயிறு நிறைந்ததைப் பார்த்து எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது; அந்த சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. உங்களுக்காக அவள் தனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதையும் நான் கெடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து வடை தின்றேன்.

கிளம்பும்போது காலிப் பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்தாள். "வெளில எங்கேயும் வாய்ல வெக்கப் பயமா இருக்குடா. எதுல எதைக் கலக்கறாளோ! உன் கையால சாப்பிட்டா அந்தக் கவலையில்லை. மாசம் ஒரு நாளாவது இப்படிப் பண்ணிக் கொண்டு வாயேன்" என்றாள். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நெய் ஜாடியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் பால் இல்லாத காப்பி குடித்தேன், சகிக்கவில்லை. இனி இந்த வீட்டுக்குள் நெய் வராது. இதையெல்லாம் நீங்கள் இருக்கும்போது செய்திருந்தால் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட நான் ஒருவனாவது இருந்திருப்பேன். கேலி செய்துகொண்டு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதம் அவளுக்குக் கொண்டுபோகிற சாதத்தில் ஒரு சொட்டும் இருக்காது. சத்தியம். ஆனால் பரிமாறும்போது அவள் என்னிடம் எதுவும் கேட்கமாட்டாள், அத்திம்பேர். நம்பிச் சாப்பிடுவாள்.