நாளைக்குக் கம்பெனி உண்டா?

என் அன்புக்கும், அதைவிடச் சற்றே பெரிதான என் பொறாமைக்கும் உரிய மரகதம்,

நலமா என்று உன்னைக் கேட்க இயலாது. என் நலத்தை நீ கேட்பாய் என்றெண்ணி எழுதுகிறேன். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே தண்டலத்தில் நம் இட்லிக் கடையைத் திறந்துவிட்டேன். திறந்தவள் நான், வருவோர் தேடுவதோ உன்னை. சட்டினியைத் தொட்டு நாவில் வைத்ததும், "அந்தம்மா கைப்பக்குவம் வராதுப்பா" என்கிறார்கள். போன பின்னும் கல்லாவின் அருகில் நீயே அமர்ந்திருந்தால், நான் எங்கே அமர்வது?

இப்பொறாமை நேற்று முளைத்ததன்று. அண்ணன் தம்பிகளான நம் கணவர்கள் இருவரையும் பெங்களூர் சாலையில் ஒரே லாரி கொண்டுபோயிற்று. ஒரே நாளில் தாலியிழந்தோம். நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். பள்ளிக்கூடத்தை மிதிக்காமலே எழுத்துக்கூட்டிக் கற்று, நாளிதழின் தலையங்கம் வரை வாசிப்பவள் நான். என் கண்ணீரைப் பிறர் காணலாகாது என்ற கௌரவம் எனக்கிருந்தது. நீயோ தெருவில் அமர்ந்து, போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாய். பின்பு எழுந்து, அதே ஆட்களிடம் பாத்திரங்களை இரவல் வாங்கிக் கடை போட்டாய். நான் பிறகுதான் மாவாட்ட வந்தேன். "மரகதம் மாரி தைரியம் யாருக்கு வரும்?" என்று ஊர் வியந்தது. கதவுக்குப் பின்னால் அதே துயரத்தைத்தானே நானும் சுமந்தேன்? எனக்கு ஏன் அப்படி ஒருவரும் சொல்லவில்லை?

விடை சென்ற வாரம் கிடைத்தது. கேள்.

குன்றத்தூரிலிருந்து என் தம்பி வந்திருந்தான். "இன்னாத்துக்குக்கா ஒண்டியா கஷ்டப்பட்ற? கடைய குடுத்துட்டு வா. எங்க வூட்ல சமைச்சிகினு இருந்துடு. ஞாயித்துக்கெழம வண்டியோட வரேன்" என்றான். எனக்கு ஒரு வாய்ச் சோறு, அவன் மனைவிக்கு ஒரு சமையற்காரி. அதை நினைத்த வைராக்கியத்தில், மறுநாள் எதிர்த் தொழிற்சாலையின் காலை ஷிப்டு ஆட்களுக்காக, ஆட்டி வைத்திருந்த மாவு முழுவதையும் ஊற்றி இட்லி அவித்தேன். ஒருவரும் வரவில்லை. தட்டுகளில் ஆவி அடங்கிற்று.

தொழிற்சாலை வாட்ச்மேன் அந்தோணிதான் சைக்கிளை நிறுத்தினார். "இன்னாம்மா, வூட்ல கல்யாணமா? இம்மாம் இட்லி!"

"கம்பெனிக்காரங்க யாரையும் காணோமே?"

"இன்னிக்கு லீவும்மா. பவர் கட்டுக்கோசரம் லீவு நாள மாத்திட்டாங்கோ. பேப்பரெல்லாம் படிக்கிற, இது தெரியாதா?"

"எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"நீ கேக்கலியே! மரகதம்மா டெய்லி சாயங்காலம் கேக்கும், 'நாளைக்குக் கம்பெனி உண்டாப்பா?'ன்னு. கேட்டுட்டுத்தான் மாவே ஆட்டும்."

அந்தக் கேள்வி நாள்தோறும் என் காதிலும் விழுந்ததுதான். வாயாடியின் வெட்டிப் பேச்சென்றே எண்ணியிருந்தேன். உன் தைரியம் உன் நெஞ்சுக்குள் இருந்ததென்று இத்தனை காலம் பொறாமைப்பட்டேனே! நீ கேட்டாய், ஆகவே ஊர் உனக்குச் சொல்லிற்று. நீ விழுந்தபோது ஊருக்குத் தெரிந்திருந்தது, ஆகவே கை கொடுத்தது. என் கதவைத் தட்ட நான் யாரை விட்டேன்?

முன்பொருமுறை தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, மீந்த இட்லியை உதிர்த்து, மிளகாய் தாளித்து உப்புமாவாக்கி, பேருந்து நிறுத்தத்தில் நீ கூவி விற்றது நினைவுக்கு வந்தது. அதை அப்படியே செய்ய என் மனம் ஒப்பவில்லை. மிளகாயைக் குறைத்து, மிளகைத் தட்டிப் போட்டேன். குண்டானைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

பேருந்து வந்தது, குரல் வரவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "அன்பர்களே, சூடான இட்லி உப்புமா ஆயத்தமாக உள்ளது!" என்றேன்.

பேருந்தே சிரித்தது. "இன்னாம்மா, எலெக்ஷன்ல நிக்கிறியா?" என்றார் நடத்துநர். சிரித்தவரே முதல் பொட்டலத்தையும் வாங்கினார். அடுத்தடுத்த பேருந்துகளில் குண்டான் காலியாயிற்று.

இக்கடிதத்தின் உண்மையான காரணம் இனிமேல்தான் வருகிறது. அந்தோணிக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்திருந்தேன். அவர் இலையை வழித்துக்கொண்டே சொன்னார்: "மரகதம்மா உப்புமா காரம் தூக்கலா இருக்கும். இதான் தேவலாம்மா." உன் காதில் விழுந்ததா? விழாவிட்டால், மறுபடியும் எழுதுகிறேன்: இதுதான் தேவலையாம்!

ஞாயிறன்று தம்பி வண்டியோடு வந்தான். வயிறார உண்ண வைத்தேன். "மூட்ட முடிச்செல்லாம் எங்கக்கா?" என்றான்.

"நாளைக்குக் கம்பெனி உண்டாம்டா. மாவு ஆட்டணும்" என்றேன்.

வெறும் வண்டியோடு திரும்பினான்.

மரகதம், உனக்கொரு வாக்குத் தருகிறேன். மாலைதோறும் கேட்பேன். அழுகை வந்தால் கதவைச் சாத்தமாட்டேன். பொறாமையை மட்டும் விடச் சொல்லாதே; உன் சட்டினியை நான் வெல்லும் வரை அது எனக்கு வேண்டியிருக்கிறது.

அடுப்பிலும் துயரிலும் உன்னோடு பாதி பங்குடைய
உன் மூத்த ஓரகத்தி,
சகுந்தலா