பாட்டுப் போடாமல் கேட்டது

அன்புள்ள அம்மாவுக்கு,

அங்கே கூரைப் பனி உருகத் தொடங்கிவிட்டதா? உங்கள் முழங்கால் தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இன்று கடையில் ஒரு கூத்து. குரமோச்சி என்ற வாடிக்கையாளர், கனத்த ஒலி தரும் அடித்தொனி ஸ்பீக்கருக்கு எடுத்த பெரிய ஆம்ப்ளிஃபையர்தான் மெல்லிய கீச்சொலி தரும் உச்சத்தொனி ஸ்பீக்கருக்கும் வேண்டும் என்று அடம்பிடித்தார். நான் பாட்டே போடாமல் பெரியதையும் சின்னதையும் மாற்றி மாற்றி இணைத்து, உச்சத்தொனி ஸ்பீக்கரில் அவரைக் காது வைக்கச் சொன்னேன்.

"பாட்டைப் போடும்மா. சும்மா உக்காந்திருக்க இதென்ன கோயிலா?"

"பாட்டு வந்தா ஆம்ப்ளிஃபையரோட இரைச்சல் ஒளிஞ்சுக்கும் சார். இப்பவே கேளுங்க."

பெரியதில் 'உஸ்' என்று இரைந்தது. சின்னதில் ஒன்றுமே இல்லை.

"சரி, சின்னதையே கட்டிக் கொடு. என் பெண்டாட்டிகூட என் வாயை இப்படி அடைச்சதில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உங்களிடம் விட்டு வந்த கோஹெய் நினைவு. நேற்று தொலைபேசியில் "பிள்ளைக்கு வெறும் சளிதான்" என்றீர்கள். பின்னால் கேட்ட அந்த இரைச்சல் என் மகனின் மூச்சா, தொலைபேசிக் கம்பியா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

முள்ளங்கி ஊறுகாய் அனுப்ப வேண்டாம். அவன் தூங்கும்போது மூச்சைக் கேசட்டில் பதிந்து அனுப்புங்கள். கடையில் போட்டுக் கேட்கிறேன். கேசட்டுக்கும் ஓர் இரைச்சல் உண்டு. அதனால் முதலில் அவன் இல்லாத அறையைக் கொஞ்ச நேரம் பதியுங்கள். அது தெரிந்தால்தான் மீதியில் அவனைப் பிரித்தெடுக்க முடியும்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள்.

உங்கள் மிசுஸு